போத்தில் உடையவில்லை

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரின் பிராக்வேடப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தை மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் பீலெஃபெல்ட் தமிழருக்கு விட்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் மீன் பொரிக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஆகவே தேவமலர் ரீச்சர் மீன் ரோல்சை வீட்டிலேயே பொரித்து, துவாயில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுவருவார். கதவைத் திறந்தால் மணம் என்னவோ அதே மணம்தான். ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாயிற்று.

2005 நவம்பரில் நாடகக் குழுவுக்குக் கைநிறைய வேலை இருந்தது. தைப்பொங்கலுக்குச் சிறுவர் நாடகம். ஈஸ்டர் விடுமுறையில் பெரிய நாடகம். கோடையில் அதையே ஜெர்மன்காரருக்காக அவர்கள் மொழியில் போடுவதாகவும் திட்டம். பெரிய நாடகத்தின் பெயர் 'மூன்றாம் அறை'. அகதி விண்ணப்பம் போட்ட ஒரு பெண்ணை அதிகாரி விசாரிக்கும் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. எழுதி இயக்குபவர் குருமூர்த்தி. ஐம்பது வயது, தனி ஆள், பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய நாடகங்களில் யாரும் அழமாட்டார்கள். பார்க்கிறவர்கள்தான் வீட்டுக்குப் போகும் வழியில் அழுவார்கள் என்று ஊரில் பேச்சு.

நடிகர் தேர்வுக்கான அறிவித்தலைத் தமிழ்க்கடைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். 'நடிக்க விரும்புவோர் தங்கள் வீட்டில் நடந்த ஒன்றை மூன்று நிமிடத்தில் நடித்துக் காட்டவேண்டும். சினிமா வசனம் வேண்டாம்.' கடைசி வரியைக் குருமூர்த்தி இரண்டு தரம் கோடிட்டிருந்தார்.

முதலில் வந்தவர் கோடிட்டதைப் படிக்காமல் வந்திருந்தார். படித்துக் காட்டிய பிறகும் சினிமா வசனத்தையே பேசினார். அடுத்தவர், தன் மனைவி கார் ஓட்டப் பழகிய கதையை நடித்தார். மனைவி மூன்றாம் வரிசையில் இருந்தார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது, அவர் ஒருவரைத் தவிர. அன்று வீட்டுக்குக் காரை யார் ஓட்டிப்போனார் என்பது தெரியவில்லை. தேவமலர் முட்டை அவிக்க வைத்திருக்கும் மணிக்கூட்டை மூன்று நிமிடத்துக்குத் திருகி வைப்பதும், அது கிணுகிணுத்ததும் கொப்பியில் எழுதுவதுமாக இருந்தார். வெளியே மழை பெய்கிறதா விட்டுவிட்டதா என்று சொல்லமுடியாத ஒரு தூறல்.

ஆறாவதாக வைதேகி வந்தாள். பதினேழு வயது, கிம்னாசியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு, தம்பித்துரையின் ஒரே மகள். தம்பித்துரையும் குருமூர்த்தியும் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் வேலைசெய்பவர்கள். வேலைநாட்களில் ஒரே காரில் போகிறவர்கள்.

"அப்பாவுக்கு இண்டைக்கும் வேலையோ?" என்று குருமூர்த்தி கேட்டார்.

"ஓம் மாமா. ரெண்டு மணிக்குத்தான் முடியும். நான் என்ன செய்யப்போறன் எண்டு அவருக்குத் தெரியாது."

"எங்களுக்கும் தெரியாதுதானே. துடங்கும்."

அவள் ஒரு கதிரையை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தோள்களைச் சற்று முன்னே வளைத்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தாள். பார்த்த உடனேயே அது தம்பித்துரைதான் என்று எல்லாருக்கும் விளங்கியது. தேவமலர் சிரிக்கப்போய், பிறகு நிறுத்திக்கொண்டார்.

"என்ரை தம்பிக்குப் பதினேழு வயசு. பேர் தவராசன்," என்று வைதேகி தொடங்கினாள். எதிரே ஒரு அதிகாரி இருப்பதுபோல வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னாள். "விளக்குக்கு எண்ணெய் இல்லை எண்டு அம்மா சொன்னா. நான் போறன் எண்டனான். அவன்தான் என்னைத் தள்ளிப்போட்டுச் சைக்கிளை எடுத்தவன். திரும்பி வரேக்குள்ளை சந்தியிலை ஆமி நிண்டது. மூண்டு வெடிச்சத்தம் கேட்டது. நாங்கள் போய்ப் பாக்க அவன் வேலிக்கரையிலை கிடந்தான். போத்தில் உடையேல்லை. எண்ணெயும் சிந்தேல்லை. அம்மா அந்தப் போத்திலை எடுத்துக்கொண்டு வந்தா. அண்டைக்கு அவனுக்குப் பக்கத்திலை வைச்ச விளக்கு, அவன் வாங்கின எண்ணெயிலைதான் எரிஞ்சது."

மணிக்கூடு அடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அவள் சொல்லி முடித்துவிட்டாள். அந்த ஒரு நிமிடத்தையும் கதிரையில் அப்படியே இருந்து தீர்த்தாள்.

கிணுகிணுத்தது. குருமூர்த்தி பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"போத்திலுக்கு அடைப்பு என்ன?" என்று கேட்டார்.

"விளங்கேல்லை, மாமா."

"எண்ணெய்ப் போத்தில். அதின்ரை வாயை என்னத்தாலை அடைச்சது?"

"அது... தெரியாது. கடதாசியாய் இருக்கும்."

"பொச்சு," என்றார் குருமூர்த்தி. "தேங்காய்ப் பொச்சைத் திரிச்சு அடைச்சது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த நாளையிலை எல்லா வீட்டிலையும் அதுதான், பிள்ளை." அவர் எழுந்தார். "ரீச்சர், எல்லாருக்கும் தேத்தண்ணி குடுங்கோ. முடிவு அடுத்த ஞாயிறு."

இன்னும் நான்கு பேர் நடித்துக் காட்டக் காத்திருந்தார்கள். அவர்களைத் தேவமலர்தான் பார்த்தார். குருமூர்த்தி தலையில் தொப்பி இல்லாமல் வாசலில் சைக்கிள்கள் கட்டும் இடத்தில் வெகுநேரம் நின்றார்.

அன்று பின்னேரம் தம்பித்துரை வீட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அவர் விடியற்காலை ஆறு மணி முதல் இரண்டு மணிவரை ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலை செய்துவிட்டு வந்திருந்தார். ஓடும் பட்டியில் பாண் துண்டுகள் வரும். வளைந்ததையும் பிளந்ததையும் பொறுக்கி எறியவேண்டும். நேரானவை உறைபனி அறைக்குப் போகும். பத்து வருடமாக இதுதான் வேலை. கண்ணை மூடினாலும் பாண் ஓடிக்கொண்டிருக்கும்.

வைதேகி சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கார் பழகிய மனைவியைச் சொன்னபோது தம்பித்துரை சிரித்தார். பிறகு அவள் தான் நடித்ததைச் சொன்னாள்.

"நீங்கள் கோவிக்கவேண்டாம் அப்பா. வெளியிலை கதைக்காதை எண்டு சொன்னனீங்கள்தான். ஆனா வீட்டிலை நடந்தது எண்டு அவை கேக்க, எனக்குச் சித்தப்பாதான் ஞாபகம் வந்தவர். எல்லாரும் பேசாமல் இருந்தவை. குருமூர்த்தி மாமா மட்டும், போத்திலுக்கு அடைப்பு என்ன எண்டு கேட்டார்."

தம்பித்துரையின் கை புட்டுக்குள் நின்றுவிட்டது. அம்பிகா கணவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மகளின் சாப்பாட்டுக் கோப்பையில் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி கறி விட்டார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. 1986இல் தம்பித்துரையும் குருமூர்த்தியும் வேறு நான்கு பேரும் லிப்பேப் பக்கத்தில் ஒரு பழைய விடுதியின் ஒரே அறையில் இருந்தார்கள். அகதி விசாரணைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு டெர்மின், அதாவது தவணை நாள், வரும். அதுவரை சமைப்பதும் நித்திரைகொள்வதும் ஒருவர் கதையை மற்றவர் கேட்பதும்தான் தொழில். ஒரு பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது குருமூர்த்தி தன் தம்பி தவராசனைப் பற்றிச் சொன்னார். எண்ணெய், சைக்கிள், உடையாத போத்தில். அடுத்த நாள் தம்பித்துரையின் டெர்மின். அதே கிழமைக்குள் மற்ற நால்வருக்கும் வந்தது. அதற்கடுத்த கிழமை குருமூர்த்தியுடையது.

தம்பித்துரைக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. குருமூர்த்தி விசாரணைக்குப் போய்த் திரும்பிவந்து கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு முந்தி ஆரோ இதைச் சொல்லிப்போட்டினமாம்," என்றார். "பேரும் அதே பேராம். எழுதாமலே மூடிப்போட்டாங்கள்." அறையில் மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். தம்பித்துரை அரிசி கழுவிக்கொண்டிருந்தார். தொடர்ந்து கழுவினார்.

அதன்பிறகு குருமூர்த்திக்குப் பதினொரு வருடம் டுல்டுங். திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுக்கும் கடதாசி அது. மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. தாய் செத்ததற்கும் போகவில்லை. ஒருமுறை சொல்லி நம்பப்படாமல் போனதை இரண்டாம் முறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் தவராசன் என்றொரு தம்பி இருந்தான் என்பதே தம்பித்துரையையும் அம்பிகாவையும் தவிரப் பீலெஃபெல்டில் ஒருவருக்கும் தெரியாது.

தம்பித்துரை வீட்டில் கடிதங்கள் எல்லாவற்றையும் பார்ப்பது வைதேகி. இங்கே பிறந்த எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் செய்கிற வேலைதான். அலுவலகத்தில் அப்பாவுக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வது. இரண்டாயிரமாம் ஆண்டு குடியுரிமை அன்ட்ராக் படிவம் நிரப்பும்போது, பன்னிரண்டு வயதில், பழைய கோப்புக்குள் அந்த விசாரணைப் பதிவைக் கண்டாள். ஜெர்மனில் ஏழு பக்கம். வாசித்துவிட்டு வந்து, "அப்பா, இது உண்மையோ?" என்று கேட்டாள். தம்பித்துரை, "ஓம்," என்றார்.

அந்த ஒரு ஓமுக்குப் பிறகு மகள் மாறிப்போனாள். அப்பா கோபப்பட்டால் எதிர்த்துப் பேசமாட்டாள். அவர் பேசாமல் இருந்தால், தம்பியை நினைக்கிறார் என்று தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். தம்பித்துரை அந்தத் தேத்தண்ணியை ஐந்து வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

வைதேகி தன் அறைக்குப் போனதும் அம்பிகா சொன்னார்: "குருமூர்த்தி அண்ணைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ம்."

"போய்ச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"எனக்கென்ன தெரியும். எனக்கே நீங்கள் இந்தக் கதையைப் பிள்ளை பிறந்த பிறகுதான் சொன்னனீங்கள். உங்களுக்கு மூண்டு அக்காமார்தான் எண்டு தெரியாமலோ நான் கலியாணம் முடிச்சனான்?"

"பாஸ்போட்டைப் பறிப்பாங்கள் எண்ட பயமெல்லாம் போயிட்டுது, அம்பிகா. எனக்கு அவளுக்குத்தான் பயம். அவள் என்னைப் பாக்கிற பார்வை போயிடும்."

"அது உங்களைப் பாக்கிற பார்வை இல்லைத்தானே," என்றார் அம்பிகா. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள்முழுக்க நின்று வந்த கால். அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்குக் குருமூர்த்தியின் பழைய ஓப்பல் கார் வழக்கம்போல் வந்து நின்றது. தம்பித்துரை ஏறினார். குருமூர்த்தி காருக்குக் குளிர்காலச் சில்லுகள் மாட்டவேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலையில் புதிதாக வந்த மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னார். புதன்கிழமை ஒன்றும் சொல்லவில்லை, ரேடியோவைப் போட்டார். வரிசையில் இருவரும் எதிரெதிரே நின்று பாண் பொறுக்கினார்கள். தலையில் வலைத்தொப்பி, காதில் சத்தம் கேட்காமல் அடைப்பு. ஒருமுறை தம்பித்துரை நேரான பாண்களையே அள்ளி எறிந்துகொண்டிருந்தார். குருமூர்த்தி எட்டி அவர் கையைத் தட்டினார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம், இதுதான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. தூளாக விழுகிற பனி அல்ல, ஈரத்தோடு பொத்துப்பொத்தென்று விழுந்து மரக்கிளைகளை முறிக்கிற பனி. மேட்டுத் தெருவில் முன்னால் போன லொறி ஒன்று குறுக்கே நின்றுவிட, பின்னால் நாற்பது ஐம்பது வாகனங்கள். குளிர்காலச் சில்லு இன்னும் மாட்டவில்லை. குருமூர்த்தி எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியைப் பனி மூடத் தொடங்கியது.

"அண்ணை," என்றார் தம்பித்துரை.

"ம்."

"அது நான்தான்."

"காருக்குள்ளை வேண்டாம்."

"பின்னை எங்கை சொல்லுறது?"

"ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாரும். மற்றவை எல்லாரும் வந்துதானே செய்து காட்டினவை. உமக்கும் மூண்டு நிமிசம்."

"பிள்ளை இருப்பாள், அண்ணை."

"ஓம். இருப்பாள்."

வைப்பர் ஒருமுறை ஓடி நின்றது.

"நான் வராட்டி?"

"வராட்டி என்ன. திங்கட்கிழமை ஒண்டரைக்கு வாறன், வழமைபோலை." குருமூர்த்தி கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டினார். "பத்தொன்பது வருசமாய் அந்த அறையிலை இருந்த அஞ்சு பேரையும் மாறி மாறி நினைச்சனான், தம்பித்துரை. கனடாவுக்குப் போனவனைத்தான் கனகாலம் நினைச்சது. உம்மைத்தான் குறைய நினைச்சனான். அதாலைதான் உம்மோடை ஒரே காரிலை போகக்கூடியதாய் இருந்தது."

பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். லொறி நகர்ந்திருந்தது. ஓப்பல் சில்லு சுற்றியதே தவிர நகரவில்லை. தம்பித்துரை இறங்கி, முழங்கால்வரை பனியில் நின்று பின்னாலிருந்து தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவெல்லாம் சேற்றுப்பனி. மண்டபத்து வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. தகப்பனைக் கண்டதும் வைதேகிக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அப்பா நடிக்கப்போறாரோ? அம்மா, நீங்கள் சொல்லவே இல்லை!" அவளே அவருடைய கழுத்துத்துணியைக் கழற்றி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தேவமலர் கொப்பியில் பெயரை எழுதி, மணிக்கூட்டைத் திருகினார். "வீட்டிலை நடந்த ஒண்டு, அண்ணை. சினிமா வேண்டாம்."

தம்பித்துரை அதே கதிரையில் உட்கார்ந்தார். தோள்கள் முன்னே வளைந்தன. இரண்டு கைகளும் முழங்காலுக்குப் போயின. மகள் போன கிழமை நடித்ததைப் பார்த்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எனக்குத் தம்பி இல்லை," என்றார்.

சிரிப்பு நின்றது.

"நான் கடைக்குட்டி. எனக்கு மேலை மூண்டு அக்காமார். சுத்திவளைப்பு எண்டா அம்மா என்னை நெல்லுப் பெட்டகத்துக்குள்ளை விட்டு மூடுவா. நாலு தரம் இருந்தனான். ஒருக்காலும் ஆமி எங்கடை வீட்டுக்குள்ளை வரேல்லை. பக்கத்து வீட்டிலை ரெண்டு பெடியளைக் கொண்டுபோனவங்கள். எங்கடை வீட்டிலை ஒண்டும் நடக்கேல்லை. அஞ்சாந்தரம் அந்தப் பெட்டகத்துக்குள்ளை இறங்க என்னாலை ஏலாமப் போச்சு. அதுதான் வெளிக்கிட்டனான். இஞ்சை வந்து விசாரணை அறையிலை முதல்லை இதைத்தான் சொன்னனான். அந்த ஒஃபிசர் எழுதேல்லை. பேனையைக் கையிலை எடுக்கவே இல்லை. 'சரி, உமக்கு என்ன நடந்தது?' எண்டு திருப்பிக் கேட்டார். முதல்நாள் பின்னேரம் குருமூர்த்தி அண்ணை தன்ரை தம்பியைப் பற்றிச் சொன்னவர். அது வாயிலை வந்திட்டுது. பேரையும் மாத்தேல்லை. மாத்த வேணுமெண்டு தோணேல்லை. நான் அதைச் சொல்லத் துடங்கினவுடனை அந்த மனிசன் பேனையை எடுத்தார். ஏழு பக்கம் எழுதினார். பிறகு என்ரை மகள் அதைப் படிச்சிட்டு உண்மையோ எண்டு கேட்டாள். அவளுக்கும் ஓம் எண்டனான்."

மணிக்கூடு கிணுகிணுத்தது. தேவமலர் அதை நிறுத்த மறந்துபோனார். அது தானாகவே அடித்து ஓய்ந்தது.

குருமூர்த்தி எழுந்துவந்து, இன்னொரு கதிரையைத் தம்பித்துரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நாடகத்தில் அதிகாரிக்கு எழுதிய குரலில், நல்ல சுத்தமான ஜெர்மனில், ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஒரு வசனம். பத்தொன்பது வருடத்துக்கு முன் குருமூர்த்தியிடமே கேட்கப்பட்ட வசனம் அது.

தம்பித்துரைக்கு அது விளங்கியது. அவ்வளவு ஜெர்மன் அவருக்குத் தெரியும். ஆனால் அலுவலகக் குரலில் ஜெர்மன் கேட்டால் அவருடைய கழுத்து தானாகவே மகள் பக்கம் திரும்பும். இப்போதும் திரும்பியது.

வைதேகி கழுத்துத்துணியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தாள். அம்பிகா மகளின் முதுகில் கைவைக்கப் போனார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கதிரைகளுக்கு நடுவே நடந்துவந்து, எல்லா அலுவலகங்களிலும் நிற்கும் இடத்தில், இரண்டு பேருக்கும் நடுவில், கொஞ்சம் பக்கவாட்டில் நின்றாள்.

"இதை நான் ஏன் நம்பவேணும் எண்டு கேக்கிறார்," என்றாள். அப்பா என்ற சொல்லைச் சேர்க்கவில்லை.

தம்பித்துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதிரே இருந்தவரைப் பார்த்தார்.

"நம்பவேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை. ஆனா அடுத்த கிழமை இன்னொருத்தர் வருவார். அவர் சொல்லுறது உண்மை. அதை எழுதச் சொல்லு."

வைதேகி அதை ஜெர்மனில் சொன்னாள். ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. ஆகவே குருமூர்த்தி அந்தப் பதிலை இரண்டு தரம் கேட்டார், இரண்டு மொழியிலும்.

தேவமலர் மடியில் இருந்த கொப்பியைப் பார்த்தார். பெயர், வயது, பாத்திரம், குறிப்பு என்று அவர் கீறி வைத்திருந்த கோடுகளில் இதற்கு இடம் இருக்கவில்லை.

"அண்ணை," என்று மெல்லக் கேட்டார். "இதையும் எழுதவோ?"

"எழுதுங்கோ," என்றார் குருமூர்த்தி.